வீட்டுப் பட்டறையும் ஊர்க் குப்பையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக்குள் நடக்கும் சிறு தொழில்கள், அவற்றிலிருந்து வெளியேறும் கழிவு, இரண்டையும் சுகாதாரத் துறை கண்காணிக்கும் முறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் கணவர் படுக்கையறை மூலையில் மேஜை போட்டு செல்போன், டிவி போர்டுகளை ரிப்பேர் செய்கிறார். இரண்டு வயதுக் குழந்தையும் அதே அறையில்தான் தூங்குகிறது. சாலிடர் புகையில் ஈயம் இருக்கும் என்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமா?

பதில்: போதாது. ஏனென்றால் ஈயம் முக்கியமாக வருவது புகை வழியாக அல்ல. வெள்ளீயமும் ஈயமும் 60க்கு 40 என்று கலந்த சாலிடர் கம்பி 183 முதல் 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். சாலிடரிங் அயர்னின் முனை 350 டிகிரி அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புகை, சாலிடர் நன்றாக ஒட்டுவதற்காகக் கம்பிக்குள் வைத்திருக்கும் ஃப்ளக்ஸ் கருகுவதால் வருகிறது. ஃப்ளக்ஸில் இருப்பது பைன் மரப் பிசினிலிருந்து எடுத்த ரோசின். அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. வீசிங் உள்ள குழந்தை அந்தப் புகை பக்கமே போகக்கூடாது.

ஈயம் கையிலும் தரையிலும் இருக்கிறது. உருகிய சாலிடரை உறிஞ்சி எடுக்கும் டீசால்டரிங் பம்பை மேஜையில் தட்டிக் காலி செய்யும்போது பொடிப்பொடியாக ஈயமணிகள் சிதறும். அயர்ன் முனையைத் துடைக்கும் ஸ்பாஞ்சில் சாம்பல் நிறத் தூள் சேரும். கம்பியைப் பிடித்த விரலில் கறுப்பாக ஒட்டும். தவழ்ந்து, நடந்து, கையை வாயில் வைக்கும் வயதில் உள்ள குழந்தைக்கு அந்தத் தரைதான் ஆபத்து. விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சிறு குழந்தையின் உடல் பாதி வரைகூட எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தையிடம் இன்னும் கூடுதலாக ஏறும்.

ஆகவே முதல் வேலை, மேஜையை அந்த அறையிலிருந்து எடுப்பதுதான். வேறு அறையே இல்லையென்றால், குழந்தை போகாத இடத்தில், கதவு போட்டு மூடக்கூடிய ஒரு மூலையாவது வேண்டும். மேஜையின் மூன்று பக்கமும் விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றை வைத்து, வேலை முழுவதையும் அதற்குள்ளேயே செய்யச் சொல்லுங்கள். பம்பை மூடியுள்ள டப்பாவுக்குள் தட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. பெருக்கினால் தூள் எழும்பி, படுக்கை மேல் போய் உட்காரும். சாதாரண வாக்குவம் கிளீனரும் நுண்தூளைப் பின்பக்கமாக ஊதிவிடும். தரையைத் துடைக்க இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் மாப்பை அலச நல்ல தண்ணீர். தூரத்து மூலையில் ஆரம்பித்து வாசலை நோக்கி வாருங்கள். அலசும் தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள். வேலைச் சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும். குழந்தையைத் தூக்கும் முன் கையை நகக்கண் வரை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் தோலில் ஒட்டிய ஈயமும் கலந்து அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். கூடுதலாக வந்தால் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதி செய்ய வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்று பொருள் இல்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கொல்லையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்குகிறார்கள். சொன்னால், "எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தால் உங்களுக்கென்ன?" என்கிறார்கள். நிஜமாகவே ஆபத்தா?

பதில்: உயிருக்கே ஆபத்து. செனகல் நாட்டில், டக்கார் நகரை ஒட்டிய தியாரோய் சூர் மேர் என்ற பகுதியில் பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் தொழில் நடந்துவந்தது. மண்ணில் கிடந்த ஈயத்தையும் சலித்து எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் மூளை பாதித்து இறந்தார்கள். முதலில் காரணம் புரியவில்லை. பிறகு ஆராய்ந்தபோது உயிரோடு இருந்த குழந்தைகள், தாய்மார்கள் ரத்தத்திலும் ஈயம் மிக அதிகமாக இருந்தது.

வாகன பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயமும் அதன் சேர்மங்களும்தான். உடைத்ததும் தரையில் கொட்டும் கந்தக அமிலத்தில் ஈயத்துகள் கலந்திருக்கும். உருக்கும்போது அடுப்பின் சூட்டுக்கு யாரும் வரம்பு வைப்பதில்லை. 327 டிகிரியில் உருகும் ஈயம் 500 டிகிரியைத் தாண்டினால் புகையாக எழத் தொடங்கும். அது குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சுற்றுவட்டாரத்தில் படியும். மண்ணில் விழுந்த ஈயம் மக்காது, மழையிலும் அவ்வளவாகக் கரையாது, அப்படியே இருக்கும்.

சுகாதாரத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். எந்த நேரத்தில் உருக்குகிறார்கள், புகை எந்தப் பக்கம் வருகிறது, அமிலத்தை எங்கே கொட்டுகிறார்கள், அருகில் எத்தனை குழந்தைகள் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். நடவடிக்கை வரும்வரை செருப்பை வாசலுக்கு வெளியே விடுங்கள். தினமும் ஈரத்தால் துடையுங்கள். வெறும் மண்ணில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள். கொல்லை மண்ணில் விளைந்த கீரையையும் கிழங்கையும் சாப்பிடாதீர்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகளோடு அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். அதிகம் பாதிக்கப்பட்டிருப்பவர்கள் அவர்கள்தான். ஓயாத வாந்தி, அசாதாரணத் தூக்கம், தள்ளாட்டம், வலிப்பு இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஈயத்தை வெளியேற்ற மருந்து இருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து குழந்தை அதே மண்ணுக்குத் திரும்பினால் அளவு மறுபடி ஏறிவிடும். இடத்தைச் சுத்தம் செய்யாமல் குழந்தையை மட்டும் குணப்படுத்த முடியாது.

கேள்வி: வீட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறோம். பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியும் தின்னர் வாடை போகவில்லை, தலைவலியும் தீரவில்லை. இன்னும் பெரிய ஃபேன் வாங்கலாமா?

பதில்: ஃபேனை மாற்றுவதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஃபேன் ஊதும் காற்று வெகுதூரம் போகும். உறிஞ்சும் காற்று அப்படியில்லை, நாலா பக்கத்திலிருந்தும் வந்து சேரும். குழாய் வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுக்கும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயை வைத்து, 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஆவியை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுக்க வேண்டுமானால் மணிக்கு சுமார் 440 கன மீட்டர் காற்று போக வேண்டும். அதே குழாய் 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 1,650 கன மீட்டர் தேவை. தூரம் இரண்டு மடங்கானால் காற்று கிட்டத்தட்ட நான்கு மடங்காக வேண்டியிருக்கிறது. அறையின் எதிர்ச் சுவரில் உயரத்தில் மாட்டிய ஃபேன், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், மேஜையில் எழும் ஆவியை முதலில் உங்கள் மூக்கு வழியாகத்தான் இழுத்துப் போகும்.

குழாயின் வாயைப் பிரேமுக்குப் பக்கத்தில், மேஜை மட்டத்திலேயே கொண்டுவாருங்கள். வாயைச் சுற்றி அகலமான தகடு ஒன்றைப் பொருத்தினால் பின்பக்கத்திலிருந்து வீணாக வரும் காற்று குறையும். வெளிக்காற்று உங்கள் முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ நுழைந்து, வேலையைத் தாண்டி, குழாய்க்குள் போக வேண்டும். காற்று உள்ளே வர வழியில்லாமல் கதவு ஜன்னலை அடைத்துவிட்டால் எந்த ஃபேனும் வெறுமனே சுற்றும். பிரிண்ட் ஆன தாள்களைக் காயப் போடும் இடத்தையும் மறக்காதீர்கள். ஆவியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பெரும்பாலானவர்கள் மேஜைக்கு ஃபேன் வைத்துவிட்டு, காயும் தாளைப் பக்கத்து அறையில், சில சமயம் கட்டில் மேலேயே, பரப்பி வைக்கிறார்கள்.

எவ்வளவு தின்னர் என்றால் அதிகம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள மூடிய அறையில் தின்னரில் இருக்கும் டொலுவீன் 100 மில்லி முழுவதும் ஆவியானால் காற்றில் சுமார் 850 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 850 பங்கு) சேரும். 500 பிபிஎம்மிலேயே உயிருக்கும் உடலுக்கும் உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. தீப்பிடிக்க 11,000 பிபிஎம் வேண்டும். ஆனால் ஆவி காற்றைவிடக் கனமானது, அறை முழுக்கச் சமமாகப் பரவாது, தரையோடு தவழ்ந்து தாழ்வான மூலையில் தேங்கும். அங்கே ஒரு சுவிட்சோ, அடுப்போ, ஃபேன் மோட்டாரின் பொறியோ போதும். அதனால் ஆவி போகும் பாதைக்கு வெளியே மோட்டார் உள்ள ஃபேனையே வாங்க வேண்டும்.

என்95 மாஸ்க் தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். உபயோகிக்காத நேரத்தில் அதைக் காற்றுப்புகாத பையில் போட்டு வையுங்கள்; மேஜையில் திறந்து கிடந்தால் கார்ட்ரிட்ஜ் அறையின் ஆவியை உறிஞ்சித் தானே தீர்ந்துபோகும்.

கேள்வி: மர பாலிஷ் போட்ட துணிகளைக் குப்பைத் தொட்டியில் போட்டோம். யாரும் தீ வைக்காமலேயே ராத்திரியில் எரிந்துவிட்டது. எப்படி?

பதில்: ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்கள் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகின்றன. அப்போது சூடு வெளிப்படும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கிக் குவித்த துணியில் உள்ளேயே தங்கி, சூடு ஏற ஏற ஆக்சிஜனேற்றமும் வேகமாகி, சில மணி நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த எண்ணெய் ஊறிய மரத்தூளும் இப்படியே. துணிகளை வெளியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், ஒற்றை அடுக்காக விரித்து, விறைக்கும்வரை காய விடுங்கள். அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீருக்குள் முழுக அமிழ்த்தி வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை லாரிக்குள் பற்றிக்கொண்டால் அதைச் சமாளிக்க வேண்டியவர் துப்புரவுப் பணியாளர்.

கேள்வி: சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படுத்திய ஃபெரிக் குளோரைடு கரைசலில் நிறையத் தண்ணீர் சேர்த்து சிங்க்கில் ஊற்றினால் பரவாயில்லையா?

பதில்: ஊற்றாதீர்கள். தண்ணீர் சேர்த்தால் அடர்த்திதான் குறையும், போர்டிலிருந்து கரைந்த செம்பின் மொத்த அளவு குறையாது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலையைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. கரைந்த செம்பு அவற்றைக் கொல்லும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் விளைவு சீக்கிரமே வீட்டுக்குத் திரும்பி வரும். போதாக்குறைக்குக் கரைசல் உலோகக் குழாயையும் ஸ்டீல் சிங்க்கையும் அரிக்கும்.

செம்பைப் பிரித்தெடுக்கலாம். கரைசலைப் போல நாலு மடங்கு கொள்ளளவுள்ள பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பொங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, திறந்தவெளியில், கரைசலில் தண்ணீர் சேர்த்து, சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். நுரை அடங்கிய பிறகே அடுத்த கரண்டி. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 8.5 அளவு வந்ததும் நிறுத்தி, ஒருநாள் அசையாமல் விடுங்கள். செம்பும் இரும்பும் சேறாக அடியில் படியும். மேலே நிற்கும் நீர் நிறமற்று இருக்க வேண்டும். நீலம் தெரிந்தால் செம்பு இன்னும் கரைந்திருக்கிறது என்று அர்த்தம். சேற்றை வடிகட்டிக் காயவைத்து, டப்பாவில் அடைத்து, மேலே என்ன இருக்கிறது என்று எழுதி, அபாயக் கழிவாகக் கொடுங்கள். வடிந்த நீரைச் சாக்கடையில் விடலாமா என்பதை உள்ளூர் கழிவுநீர் விதி சொல்லும்; அதைக் கேட்டபிறகு விடுங்கள்.

சிலர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து அரிக்கிறார்கள். அதைப் பாட்டிலில் இறுக மூடி வைக்கவே கூடாது. வாயு வந்துகொண்டே இருக்கும், பாட்டில் உப்பி வெடிக்கும். குரோமியம் முலாம் பூசும் கரைசலுக்கு மேலே சொன்ன முறை செல்லாது. அந்த வேலையே வீட்டுக்குள் நடக்கக்கூடாது.

கேள்வி: செம்பு எடுப்பதற்காக எங்கள் தெருமுனையில் ஒயர்களை எரிக்கிறார்கள். பிளாஸ்டிக் எரிந்தால் என்ன பெரிய கேடு?

பதில்: ஒயரின் மேலுறை பிவிசி, அதாவது குளோரின் உள்ள பிளாஸ்டிக். புகை 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குக் குளிரும் இடைவெளியில் டையாக்சின்கள் என்ற கொடிய நச்சுப் பொருட்கள் உருவாகின்றன, உள்ளே இருக்கும் செம்பே அதற்கு ஊக்கியாகிறது. பழைய பிவிசியில் ஈயச் சேர்மங்களும் கலந்திருக்கும், அவை சாம்பலில் தங்கும். குப்பை எரிக்கும் பெரிய ஆலைகளில் புகையை 850 டிகிரியில் 2 நொடியாவது நிறுத்திவைத்து, வடிகட்டியில் சுத்தம் செய்துதான் வெளியே விட வேண்டும் என்று ஐரோப்பிய விதி இருக்கிறது. தெருமுனைக் குவியலில் அது எதுவும் நடக்காது. கையால் சுற்றும் ஒயர் உரிக்கும் கருவி போதும். அப்படி உரித்த செம்பு பளபளப்பாக வரும். எரித்த செம்பு கறுத்து, தரம் குறைந்து போகும் என்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வார்டு சுகாதார ஆய்வாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் நடக்கும் தொழிலை எப்படி ஆய்வு செய்வது? பலர் கதவையே திறப்பதில்லை.

பதில்: வாசலுக்கு வெளியிலிருந்தே ஆரம்பியுங்கள். குப்பைத் தொட்டியும் வடிகாலும் நிறையச் சொல்லும். வடிகாலில் பச்சையோ நீலமோ படிந்திருந்தால் செம்பு. துருநிறம் என்றால் இரும்பு. சிமெண்ட் அரித்துக் கூழாங்கல் தெரிந்தால் அமிலம். தொட்டியில் காலி தின்னர் டின்கள், பேட்டரி மூடிகள், கருகிய ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே அனுமதித்தால் ஆளை விசாரிப்பதுபோல ஆரம்பிக்காதீர்கள். தொழிலை நிறுத்த வரவில்லை, பொருளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். பிறகு ஒரே கணக்கைக் கேளுங்கள்: மாதத்துக்கு என்ன பொருள், எவ்வளவு வாங்குகிறீர்கள்? அதில் எவ்வளவு சரக்கோடு போகிறது, எவ்வளவு கழிவாகப் போகிறது? 20 லிட்டர் தின்னர் வாங்கி 2 லிட்டர் மட்டும் கழிவு டின்னில் இருந்தால், மீதி 18 லிட்டரும் அந்த வீட்டுக் காற்றில் போயிருக்கிறது. எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் நல்ல அளவீடு இது.

அடுத்து மின்விசிறி இறக்கையின் மேற்பரப்பையும் கதவு நிலையின் மேல்விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். தரையை நீங்கள் வருவதற்கு முன் துடைத்திருப்பார்கள், அங்கே துடைத்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள், வேலைத் துணியை எதோடு சேர்த்துத் துவைக்கிறார்கள், குடிதண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அமிலமோ காஸ்டிக் சோடா கரைசலோ குளிர்பான பாட்டிலில் இருந்தால் அந்த நிமிடமே மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகள் குடித்து உணவுக்குழாய் வெந்துபோவது இப்படித்தான். தூங்கும் அறைக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் பட்டறை இருந்தால், தீப்பிடிக்கும்போது தப்பிக்க வழி இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே இடத்தை மாற்றச் சொல்லலாம்.

கதவு திறக்காத வீட்டை எட்டுவதற்கு, வேலையைக் கொடுத்து வாங்கும் வியாபாரி வழியாகப் போவது பழைய, பலன் தரும் உத்தி. இங்கிலாந்தின் 1901ஆம் ஆண்டு தொழிற்சாலை, பட்டறைச் சட்டம், வீட்டுக்கு வேலை கொடுத்து வாங்குபவர்கள் தங்கள் தொழிலாளர்களின் பெயர் முகவரிப் பட்டியலை ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி 1ஆம் தேதிக்குள்ளும் ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குள்ளும், உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்றது. தொழிலாளி வீடு மாறிக்கொண்டே இருப்பார். வேலை கொடுப்பவர் இடம் மாறமாட்டார். பொருளைத் தேர்ந்தெடுப்பவரும் கூலியை நிர்ணயிப்பவரும் அவரே. ஆகவே கழிவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வீட்டுத் தொழிலையே தடை செய்துவிடும் யோசனையும் புதிதல்ல. அடுக்குக் குடியிருப்புகளில் சுருட்டு சுற்றுவதை 1884இல் நியூயார்க் மாநிலம் தடை செய்தது. 1885இல் அந்த மாநில உயர்நிலை நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. மொத்தத் தடையைவிடப் பொருளைப் பார்த்துத் தடை செய்வதே சரி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் கொண்டுவந்த 177ஆம் ஒப்பந்தமும் அதையே சொல்கிறது: பாதுகாப்புச் சட்டங்கள் வீட்டுத் தொழிலுக்கும் பொருந்த வேண்டும், குறிப்பிட்ட வேலைகளையும் பொருட்களையும் வீட்டில் தடை செய்யலாம். அதோடு வந்த 184ஆம் பரிந்துரை, தனிமனித அந்தரங்கம் பற்றிய நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, வீட்டில் வேலை நடக்கும் பகுதிக்குள் மட்டும் ஆய்வாளர் நுழையலாம் என்கிறது. நீங்களும் சமையலறை அலமாரியைத் திறந்து பார்க்காதீர்கள். அந்த மரியாதை இருந்தால் அடுத்த முறை கதவு திறக்கும்.

எங்களைக் கேட்டால் எந்தச் சூழ்நிலையிலும் வீட்டில் அனுமதிக்கக்கூடாதவை இவை: ஈயம் உருக்குதல், பேட்டரி உடைத்தல், பாதரசத்தைச் சூடாக்குதல், சயனைடு அல்லது குரோமியம் முலாம், கல்லை உலர்வாக அரைத்தல். மற்ற பெரும்பாலான தொழில்களைத் திருத்தி நடத்த முடியும்.

கேள்வி: குப்பையை வாரம் ஒருமுறை எடுத்தால் போதாதா? இருமுறை வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள்?

பதில்: ஈயின் ஆயுள் கணக்குதான் காரணம். வெயில் காலத்தில் வீட்டு ஈயின் முட்டை ஒரு நாளில் பொரியும். புழு நாலைந்து நாளில் முழு வளர்ச்சி அடைந்து, காய்ந்த இடம் தேடித் தொட்டியை விட்டு வெளியே ஊர்ந்துபோய்க் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து ஈ வரை 7 முதல் 10 நாள். வாரம் ஒருமுறை லாரி வரும்போது புழு தொட்டியில் இருக்காது, பக்கத்து மண்ணுக்குள் போயிருக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை எடுத்தால் புழு தொட்டியோடு போய்விடும். இதெல்லாம் மக்கும் குப்பைக்குத்தான். மக்காத குப்பையைத் தனியே வைத்தால் அதை வாரம் ஒருமுறை எடுத்தாலும் ஈ வராது. தொட்டி அடியில் தேங்கும் சாற்றைக் கழுவாவிட்டால் இருமுறை எடுத்தும் பயனில்லை.

குப்பையைப் பிரிப்பதை யாரோ நேற்றுக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். பாரிஸ் நகர நிர்வாகி யூஜின் புபெல் 1883லேயே வீட்டுக்கு மூன்று தொட்டி வைக்க உத்தரவிட்டார்: அழுகும் குப்பைக்கு ஒன்று, காகிதம், துணிக்கு ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓட்டுக்கு ஒன்று.

கேள்வி: தச்சு வேலையில் வரும் மரத்தூளை உரக்குழியில் போடலாமா?

பதில்: பசையும் பூச்சும் படாத முழு மரத்தின் தூள் என்றால் போடலாம். 10 கிலோ சமையலறைக் கழிவுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ காய்ந்த தூள் போதும். அதற்கு மேல் போனால் நைட்ரஜன் பற்றாமல் குவியல் சூடேறாது. குறைந்தால் ஈரம் மிஞ்சி நாறும். மரத்தூள் இறுகிக்கொள்ளும் என்பதால் காற்றுக்காகக் காய்ந்த சருகும் கலந்து, வாரம் ஒருமுறை புரட்டுங்கள். பிளைவுட், எம்டிஎஃப் (மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தூளில் ஃபார்மால்டிஹைடு பசை இருக்கிறது, போட வேண்டாம். கரையான் வராமலிருக்கப் பச்சை நிறத்தில் மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். அதை உரமாக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. எரித்தால் ஆர்சனிக் சாம்பலில் செறிந்து நிற்கும்.

கேள்வி: வீங்கிய செல்போன் பேட்டரிகள் நிறையச் சேர்ந்துவிட்டன. உப்புத் தண்ணீரில் போட்டுச் செயலிழக்க வைத்துக் குப்பையில் போடலாம் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். உப்புத் தண்ணீரில் முனைகள் அரித்து வாயு வரும், கடைசியில் நச்சுநீரும் மிஞ்சும், உள்ளே மின்சாரமும் மிச்சமிருக்கலாம். குத்தவோ அழுத்தவோ கூடாது. முனைகள்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலோகப் பெட்டியில் காய்ந்த மணலுக்குள் ஒன்றோடொன்று படாமல் புதைத்து, வீட்டுக்கு வெளியே, வாசல் வழியை மறிக்காத இடத்தில் வையுங்கள். சேர்த்து வைக்காமல் சீக்கிரமே மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பொதுக் குப்பையில் போட்டால் லாரியின் அழுத்தும் தகடு பேட்டரியை நசுக்கி, உள்ளே ஷார்ட் ஆகி எரியும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவும் இருக்கும்.

கேள்வி: தையல் வேலையில் உடைந்த ஊசி, பிளேடு, பட்டறையில் உடைந்த கண்ணாடி இவற்றை எப்படிப் போடுவது?

பதில்: ஊசியும் பிளேடும் திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேரட்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, "கூர்மையான பொருள்" என்று பெரிதாக எழுதுங்கள். கண்ணாடியைப் பல மடிப்புக் காகிதத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டுங்கள். இரண்டையும் துணி வெட்டுக் குப்பையோடு பையில் கலக்காமல், வண்டி வரும்போது தனியாகப் பணியாளர் கையில் கொடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லுங்கள்.